தாளில் இருந்த வண்டிப்பாதை

பத்திரம் எழுதப் புதிதாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் தொழிலில் புத்திசாலி என்று பேர் எடுப்பது ரொம்பச் சுலபம். யாருக்கும் புரியாதபடி எழுதினால் போதும். 'இதனடியிற் கண்ட சொத்தை', 'சகல பாத்தியங்களுடன்', 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று நாலு வரி போட்டு, மூச்சு விடாமல் ராகமாக வாசித்தால் வாங்குகிறவனும் கும்பிடுவான், விற்கிறவனும் கும்பிடுவான். நானும் முப்பத்தைந்து வருஷம் அப்படிக் கும்பிடு வாங்கியவன். அதில் முதல் பதினைந்து வருஷத்துக் கும்பிடுகளைத் திருப்பிக் கொடுக்க வழியிருந்தால் கொடுத்துவிடுவேன். அந்தக் கும்பிடுகள் எனக்கு உரியவை அல்ல என்று தெரியவந்தது ஏலக்காய் பொறுக்கும் ஒரு பெண்ணால். முத்திரைத்தாள், கட்டணம் இதெல்லாம் நீங்கள் படித்துத் தெரிந்துகொள்வீர்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாததை மட்டும் நான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் போடிப் பக்கம் ஒரு பதிவு ஆபீசுக்கு எதிரே, ஓட்டுக் கொட்டகை ஒன்றில் என் மேசை கிடந்தது. ஒரு பேனா, ஒரு மைக்கூடு, ஒரு பஞ்சாங்கம், மேசைக்கு முட்டுக்கொடுக்க ஒரு செங்கல். இவ்வளவுதான் என் கம்பெனி. எனக்கென்று இரண்டு பெருமைகள் இருந்தன. நான் எழுதிய பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. அடுத்தது, சொத்து இருக்கும் திசையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், பழைய பத்திரத்தை வைத்துக்கொண்டே புதுப் பத்திரத்தை முடித்துவிடுவேன்.

இரண்டாவதைப் பெருமை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்று கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் அதுதான் பெருமை. எனக்குத் தொழில் பழக்கியவர் முதல் நாளே சொன்னது, பழைய பத்திரத்தில் நாலு பக்க எல்லை எப்படி இருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் எடுத்து எழுது, சொந்தப் புத்தியைக் காட்டாதே என்பதுதான். அவர் அதற்கு முந்தியவரைப் பார்த்து எழுதினார். அந்த முந்தியவர் யாரைப் பார்த்து எழுதினாரோ. எங்களில் ஒருவனும் வெயிலில் இறங்கிப் போய் அந்த எல்லை இன்னும் இருக்கிறதா என்று பார்த்ததில்லை. பார்த்தால் தொழில் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்ற பயம் வேறு.

இனி அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். பேர் பஞ்சவர்ணம். வயது முப்பத்தைந்து இருக்கும். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில், தரையில் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கும் பெண்களில் ஒருத்தி. வெடித்தது, கறுத்தது, சுருங்கியது என்று ஒரு கைப்பிடிக் காயில் கண் ஓடிய வேகத்தில் பிரித்துப் போட்டுவிடுவாள். வீட்டுக்காரர் லாரி டிரைவர். குமுளி மலைக்கு மேலேயும் கீழேயும் போய்வந்து, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். இருக்கும் நாளிலும், எதைக் கேட்டாலும் அவளைக் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிடுவார்.

ஒன்பது வருஷத்தில் ஐந்து வாடகை வீடு மாறியிருந்தார்கள். ஒரு வீட்டில் லாரியை வாசலில் நிறுத்தக்கூடாது என்று காலி செய்யச் சொன்னார்கள். இன்னொன்றில் கருவாடு வறுத்ததற்கு. அப்போது இருந்த வீட்டில் சொந்தக்காரரின் மகள் திரும்பி வருகிறாளாம், மாதக் கடைசிக்குள் போய்விட வேண்டும். சீட்டுப் பிடித்துச் சேர்த்தது, வீட்டுக்காரர் சேர்த்தது, காதுத் தோட்டை விற்றது என எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு அவள் வீடு தேடினாள். காதில் ஈர்க்குச்சி இருந்தது. என்னிடம் முதல் தடவை வந்தபோது, எதற்காக இவ்வளவு அவசரம் என்று கேட்டேன்.

"போன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாதுய்யா. அதுக்குத்தான் வாங்குறேன். மத்தபடி வாடகை வீடே வசதிதான்," என்றாள்.

ஊருக்குத் தெற்கே ஒன்றரை மைலில் ஒரு கிராமத்தில் வீடு அமைந்தது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் கொஞ்சம் இடம். விற்கிறவர் சுருளிமுத்து. மலைமேல் ஏலத் தோட்டத்தில் கங்காணி வேலை. குடும்பமும் மேலேயே இருந்ததால் வீடு பூட்டிக் கிடந்தது. மகளுக்கு வீரபாண்டித் திருவிழா முடிந்ததும் கல்யாணம். அதற்காகத்தான் விற்றார். தெருவைப் பார்த்த முன்வீடு அவருடைய அண்ணனுக்கு. பின்வீடு இவருக்கு. அப்பன் பிரித்துக் கொடுத்தது.

பேரம் முடித்தது குடைத் தரகர். வெயிலோ மழையோ அவர் குடையை விரித்து யாரும் பார்த்ததில்லை, ஆனால் குடையில்லாமலும் பார்த்ததில்லை. கொட்டகைக்கு வரும் வேலையில் பாதி அவர் கொண்டுவருவது. ஆகவே அவர் சிரித்தால் நாங்கள் சிரிப்போம்.

பஞ்சவர்ணம் வீடு பார்த்த விதத்தைச் சொல்லி நாங்கள் கொட்டகையில் ஒரு வாரம் சிரித்தோம். முதல் தடவை கூடக் காய் பொறுக்கும் நாலு பெண்களை அழைத்துக்கொண்டு போனாள். ஒருத்தி சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டாள். ஒருத்தி அடுப்பில் தேங்காய்மட்டையைப் போட்டுக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். ஒருத்தி அக்கம்பக்கத்தில் வம்பு கேட்கப் போனாள். நாலாவது ஆள் சும்மா உட்கார்ந்து, வீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்கிறது என்று பார்த்தாளாம். அடுத்த தடவை பஞ்சவர்ணம் கொட்டுகிற மழையில் போய் ஒழுகுகிற ஓட்டையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாள். பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை தடவை போகமாட்டான் என்று குடைத் தரகர் சொன்னார். நான் அதைவிட மட்டமாக ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

இப்படி அடுப்பு முதல் கூரை வரை அவள் பார்த்தாள். பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். அது என் வேலை என்றே எனக்குத் தெரியாது.

அச்சாரமும் வீட்டுச் சாவியும் கைமாறின. பத்திரத்துக்கு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். ஆபீஸ் திறப்பது பத்துக்கு. ஆக, நம் பள்ளத்தாக்கில் உள்ளவர்கள் வீடு, காடு, தோப்பு அத்தனையையும் அந்த அரைமணி நேரத்துக்குள் வாங்கி விற்றுவிடத் துடிப்பார்கள். அன்று கொட்டகை பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும்.

முந்தின நாளே பத்திரத்தை எழுதி முடித்துவிட்டேன். சுருளிமுத்துவின் அப்பன் காலத்துப் பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினேன். வடக்கு எல்லை, வண்டிப்பாதை. அதில் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படியே எழுதினேன். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. கையெழுத்தைப் பார்த்து எனக்கே ஆசையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சுருளிமுத்து வந்தார், சாட்சிகள் வந்தார்கள், குடைத் தரகர் வந்தார். பஞ்சவர்ணம் கடைசியாக வந்தாள். சேலை ஒரு பக்கம் நனைந்து இடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. மழை எங்கே பெய்தது என்று கேட்டேன்.

அவள் விடியற்காலையில் அந்தக் கிராமத்துக்குப் போயிருக்கிறாள். கையோடு ஒரு குடம் கொண்டுபோய், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, இடுப்பில் வைத்து, அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் நடந்து பார்த்திருக்கிறாள். தினமும் ஏழெட்டு நடை நடக்கப்போகிறோமே, எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். தெருவிலிருந்து பின்வீட்டுக்குப் போக அண்ணன் வீட்டு முற்றத்தைத் தாண்டவேண்டும். தாண்டும்போது தண்ணீர் கொஞ்சம் சிந்தியது. அண்ணன் மனைவி கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, இன்றைக்குப் போய்க்கொள், கிரயம் முடிந்த பிறகு எங்கள் முற்றத்தில் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாளாம்.

நான் பெரிய மனுஷன் மாதிரி சிரித்தேன். பத்திரத்தைத் திருப்பி, வடக்கு எல்லையில் விரலை வைத்துக் காட்டினேன். "இந்தா பாரு ஆத்தா, வடக்கே வண்டிப்பாதை. வண்டியே போகும். குடம் போகாதா?"

"தாள்ல இருக்குய்யா. தரையில எங்கன இருக்கு?" என்றாள்.

நான் சுருளிமுத்துவைப் பார்த்தேன். அவர் மேலே ஓட்டைப் பார்த்தார். பாதை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பாவம். பிறந்ததிலிருந்து அண்ணன் முற்றத்தின் வழியாகவே போய்வந்த மனிதர், வடக்குப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. "அவுக சின்னப்பிள்ளையா இருக்கையில வண்டி போனதா எங்க அப்பாரு சொல்லுவாக," என்றார். மணி பத்து அடித்துவிட்டிருந்தது.

குடைத் தரகர் என் காதுக்கு அருகில் குனிந்தார். இதற்கெல்லாம் உனக்கு வாசகமா இல்லை, ஒரு வரியைச் சேர், நேரம் போகிறது என்றார். வாசகம் என் நாக்கின் நுனியிலேயே இருந்தது. 'தொன்றுதொட்டு அனுபவித்துவரும் நடைபாதைப் பாத்தியம் உட்பட.' அதாவது, அண்ணன் முற்றத்தில் நடக்கும் உரிமையையும் சுருளிமுத்துவே விற்பதாக. இதைச் சேர்த்திருந்தால் பத்தே காலுக்குக் கையெழுத்து, பத்தரைக்கு முன்னால் கைரேகை, பதினொரு மணிக்கு டீ. நான் செய்யத்தான் இருந்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். இப்படி ஒரு வரி சேர்க்கிறேன், சரிதானே என்று பஞ்சவர்ணத்திடம் வாசித்தும் காட்டினேன்.

"முத்தம் யாருதுய்யா?"

"இவுக அண்ணனுது."

"அப்ப அவுகல்ல கையெழுத்துப் போடணும்?"

பதினைந்து வருஷம் பத்திரம் எழுதியவன் நான். ஒருவன் தன்னுடையதல்லாததை விற்க முடியாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதைக் காய் பொறுக்குகிற பெண் எனக்குச் சொல்லவேண்டி வந்தது. அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் குடைத் தரகரின் முகம். பத்திரத்தை நிறுத்தினால் நாளைக்கு அந்தக் குடை பக்கத்து மேசையில் சாய்ந்து நிற்கும். பஞ்சவர்ணத்துக்கோ போட்ட அச்சாரம் போய்விடும், மாதக் கடைசியில் வீடும் இல்லை. சுருளிமுத்து அச்சாரத்தைக் கல்யாணத் துணிக்குக் கொடுத்தாகிவிட்டது. நிறுத்தவும் முடியாது, ஓட்டவும் முடியாது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் செய்தது ஒரே ஒரு காரியம். பத்திரத்தை வாசிக்க ஆரம்பித்தேன். வழக்கமாக நான் வாசித்தால் புல்லட் மோட்டார்சைக்கிள் போகிற மாதிரி இருக்கும். அன்று செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வாசித்தேன். நடுவில் இருமினேன். தண்ணீர் கேட்டேன். சுருளிமுத்துவின் அப்பன் பேரை இரண்டு தடவை சரிபார்த்தேன். குடைத் தரகர் குடையின் நுனியால் தரையைக் குத்திக்கொண்டே இருந்தார். தெற்கு எல்லைக்கு வந்தபோது ஆபீஸ் கடிகாரம் பத்தரை அடித்தது.

அதற்குமேல் ஒரு சாட்சிகூடப் பேனாவைத் தொடவில்லை. இனிப் பன்னிரண்டு வரைக்கும் ஒன்றும் நடக்காது. ராகு காலம் பார்க்கிறவர்களை நான் கேலி செய்துகொண்டே இருப்பேன். அன்று மட்டும் ராகுவுக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் போல இருந்தது. குதிரைவண்டி ஒன்றைக் கூப்பிட்டேன். கூலி என்னுடையது என்றதும் குடைத் தரகரே ஏறிக்கொண்டார். பதினைந்து வருஷத்தில் நான் எழுதிய சொத்தைப் பார்க்க நான் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

வண்டிப்பாதையைப் பார்த்தோம். வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி ஒரு எருக்குழி. அதற்கப்பால் யாருடையதோ வைக்கோற்படப்பு. அதற்கும் அப்பால் வேப்பமரம், மரத்தடியில் மஞ்சள் பூசிய கல், கல்லுக்கு முன்னால் உண்டியல். வண்டி என்ன, ஒரு கோழி போகவேண்டும் என்றாலும் பறந்துதான் போகவேண்டும். பாதையை வளைத்தவர் கெட்டிக்காரர். கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டால் அதன்மேல் வழக்குப் போட எந்த வக்கீலுக்கும் தைரியம் வராது. என் அழகான கையெழுத்தில் வண்டிப்பாதை என்று எழுதியிருந்தது இதைத்தான்.

அண்ணன் முற்றத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மரியாதையாகவே கேட்டேன். பின்வீட்டுக்கு வேறு வழியில்லை, இத்தனை காலம் தம்பி போனது போல வாங்குகிறவர்களும் போய்வர ஒரு பாதை எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் ஒரேயடியாக மறுத்தார். தம்பிக்கு விட்டது தம்பி என்பதால் விட்டது, யாரென்று தெரியாதவளுக்கு விட அது என்ன சத்திரமா என்றார். நான் சட்டம் பேசினேன். கோர்ட்டுக்குப் போனால் உங்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பு வரும் என்றேன்.

"தாராளமாப் போங்க. தீர்ப்பு வரயில எம் பேரன் இருப்பான், அவங்கிட்டச் சொல்லுங்க," என்றார்.

அவர் சொன்னது சரிதான். குடைத் தரகர் நைசாக வண்டிப் பக்கம் நடந்துவிட்டார். நானும் பஞ்சவர்ணத்திடம், விட்டுத்தள்ளு ஆத்தா, வேறு வீடு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல எனக்கென்ன, சுலபமாக இருந்தது. அச்சாரம் என்னுடையதா?

அவள் என்னையும் பார்க்கவில்லை, கட்டிலில் இருந்தவரையும் பார்க்கவில்லை. நேராக அண்ணன் மனைவியிடம் போனாள். அந்தம்மாள் அம்மிக்கு அருகில் உட்கார்ந்து, காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தார்.

"அப்ப நான் வாங்கலக்கா," என்றாள் பஞ்சவர்ணம். "பாதையில்லாத வீட்ட வேற யாரு வாங்குவா? ஒருத்தரும் வாங்க மாட்டாக. ஒங்க கொழுந்தன் மக கல்யாணம் நிக்குது. பெரியப்பன் முன்வீட்டுல இருக்கையில பிள்ளை கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு ஊரு யாரக் கேக்கும்? நீங்கதான எடுத்து நடத்தணும். எனக்கென்ன, நான் இன்னொரு வாடகை வீட்டுக்குப் போறேன்."

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டாள். காலையில் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள் போல. அந்தம்மாள் அரைப்பதை நிறுத்தினார். எழுந்து, புருஷனைப் பார்த்து உள்ளே வரும்படி தலையை அசைத்தார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே ஆண் குரல் கேட்டது, அப்புறம் பெண் குரல், அப்புறம் வெகுநேரம் பெண் குரல் மட்டும். அண்ணன் வெளியே வந்தபோது சட்டை போட்டிருந்தார்.

"நாலடி தாரேன்," என்றார்.

"எதுக்க ஒரு மாடு வந்தா நான் எங்கன ஒதுங்க? ஆறடி," என்றாள்.

ஆறடிக்குக் கயிறு பிடித்தோம். ஒரு முனையை அண்ணனும் மறுமுனையைச் சுருளிமுத்துவும் பிடித்தார்கள். நான் அளவைத் தாளில் குறித்தேன். தெருவிலிருந்து பின்வீட்டு வாசல் வரைக்கும், தெற்குச் சுவரை ஒட்டி, எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று, கண்ணால் பார்த்து, காலால் நடந்து எழுதிய முதல் எல்லை. பார்க்காமல் எழுதியதைவிட அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மெனக்கெட்டுப் போய்ப் பார்க்க நேரம் ஏது என்று நாம் சொல்வதெல்லாம் பொய். சோம்பலும் கொஞ்சம் கர்வமும்தான்.

பன்னிரண்டுக்கு மேல் கொட்டகையில் இரண்டு பத்திரம் முடிந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்த பாதைப் பத்திரம் ஒன்று. இன்னொன்று என் அழகான கிரயப் பத்திரம். அதில் வண்டிப்பாதையை அடித்து எருக்குழி என்று எழுதினேன். பாதைப் பத்திரத்தைப் பற்றி ஓரத்தில் சேர்த்தேன். மொத்தம் ஏழு இடத்தில் அடித்து, ஏழு இடத்திலும் சுருளிமுத்துவின் கையெழுத்தை வாங்கினேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தார். அதன்பிறகு மூன்று மாதம் குடைத் தரகர் என் பக்கம் வரவில்லை. மூன்று மாதமும் வீட்டில் ரசம்தான். அப்புறம் வந்தார். பாதை இல்லாத இடம் ஒன்று வில்லங்கமாகி, வாங்கினவன் அவர் குடையைப் பிடுங்கி உடைத்துவிட்டானாம். புதுக் குடையோடு வந்து, முதலில் ஒரு எட்டு போய் இடத்தைப் பார்த்துவிடலாமா என்று அவரே கேட்டார்.

நான் சொல்ல வந்தது இத்தோடு முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும். பஞ்சவர்ணத்துக்குப் போ என்று யாரும் சொல்லமுடியாத வீடு கிடைத்தது, எனக்குப் புத்தி வந்தது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடலாம். ஆனால் அன்று பத்திரம் பதிந்ததற்கான சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டவள், எனக்கு நன்றி சொல்வாள் என்று நான் நின்றுகொண்டிருந்தபோது, வேறு ஒன்றைக் கேட்டாள்.

"ஏன்ய்யா, இதுக்கு முந்தி எழுதுனதெல்லாம் போய்ப் பாத்தீகளா?"

கேலி இல்லை. குத்தலும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டு மாதம் அது என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, முன்பு நான் எழுதிய வீடுகளைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். நல்ல வேளையாக, வீட்டில் நான் சீட்டாடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் வீட்டில் ஒன்றும் குறையில்லை. இரண்டாவதிலும் இல்லை. நான் எழுதினால் தப்பு வருமா என்று பழைய கர்வம் லேசாக எட்டிப் பார்த்தது.

மூன்றாவது, தேவாரம் ரோட்டில் ஒரு ஊர். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு தையல்காரருக்கு எழுதியது. அவர்களுக்கும் அதுதான் முதல் வீடு. கிழக்கே சந்து என்று எழுதியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. போய்ப் பார்த்தால் சந்து இல்லை. அது தெருவைத் தொடும் இடத்தை அடைத்து இடுப்பளவு உயரத்தில் ஒரு மண்சுவர்தான் இருந்தது. சுவரின் இந்தப் பக்கம் ஒரு கல், அந்தப் பக்கம் ஒரு கல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தையல்காரரின் மனைவி குடத்தோடு வந்தார். குடத்தைச் சுவர்மேல் வைத்தார். கல்லில் ஏறி, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரைத் தாண்டி, மறுபக்கக் கல்லில் இறங்கி, திரும்பிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். இதையெல்லாம் யோசிக்காமல், கை பழகின வேலையாகச் செய்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பி, நம்ம பத்திரம் எழுதுன ஐயா வந்திருக்காக என்று குரல் கொடுத்தார்.

உள்ளே வரச்சொன்னார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவர் ஏறித்தான் போனேன். மோர் கொடுத்தார்கள். சந்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். நாங்கள் வந்து இரண்டாவது மாதமே பக்கத்து வீட்டார் அடைத்துவிட்டார்கள், அது அவர்கள் இடமாம், எங்கள் தலையெழுத்து என்றார் தையல்காரர். அவருடைய அம்மாவால் இப்போது ஏறி இறங்க முடியவில்லை, மூன்று வருஷமாகத் தெருவையே பார்க்கவில்லை என்று அவர் மனைவி சேர்த்துச் சொன்னார். இதையும் குறையாகச் சொல்லவில்லை. வந்தவரிடம் வீட்டு நிலவரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். என்மேல் ஒரு வார்த்தை குற்றம் இல்லை. அது என் குற்றம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மோரைக் குடித்தேன்.

பிறகு அந்தச் சந்துக்காக இரண்டு வருஷம் நான் நடந்தது உண்மை. பக்கத்து வீட்டாரிடம் கெஞ்சினேன், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினேன், என் கைக்காசில் வக்கீல் வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. பஞ்சவர்ணம் கிரயத்துக்கு முன்னால் கேட்டாள், அதனால் அவளுக்குப் பாதை கிடைத்தது. இவர்கள் என்னை நம்பிக் கேட்காமல் இருந்துவிட்டார்கள்.

மோர் குடித்த அன்று நான் விடைபெற்றுக்கொண்டு சுவர்மேல் ஏறினேன். தையல்காரர் ஓடிவந்து என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு சொன்னார்.

"பாத்து எறங்குங்கய்யா. அந்தப் பக்கத்துக் கல்லு கொஞ்சம் ஆடும்."